கிளியர் அலைனர்: ஸ்கேன் முதல் ரிடெய்னர் வரை, பல் மருத்துவருக்கு வேண்டிய கைத்திறன்

கம்பிக்குப் பதிலாக, கழற்றி மாட்டும் தெளிந்த பிளாஸ்டிக் உறைகளை (ட்ரேக்களை) ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பல்லை நேராக்குவது கிளியர் அலைனர்; முடிந்த பிறகு பல் திரும்பக் கோணாமல் பிடித்து வைப்பது ரிடெய்னர். அலைனர் கம்பெனிகளின் அறிமுக வகுப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்டார் ஹோட்டல் ஹால், மதியம் பஃபே, சாயங்காலம் சான்றிதழ். வாயை ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள், பல் எப்படி நகரும் என்ற பிளான் வரும், ‘அப்ரூவ்’ கொடுங்கள், பெட்டி வந்து சேரும் என்பதுதான் சாரம். கேட்டுக்கொண்டிருந்தால் பல் மருத்துவரின் வேலை கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டு பார்சல் வாங்குவதுபோலத்தான் தோன்றும்.

திரையில் பல் நகர எலும்பின் அனுமதி வேண்டியதில்லை. வாயில் வேண்டும். 2009-இல் கிராவிட்ஸும் சக ஆய்வாளர்களும் இன்விசலைன் என்ற அலைனர் போட்ட நோயாளிகளில், பிளானில் கேட்ட அசைவையும் உண்மையில் கிடைத்த அசைவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சராசரித் துல்லியம் 41 விழுக்காடு. பிளாஸ்டிக் மாறியது, மென்பொருள் மாறியது, பல்லின் மேல் ஒட்டும் அட்டாச்மென்ட் புடைப்புகளின் வடிவங்கள் மாறின. 2020-இல் அதே வரிசையில் வந்த ஆய்வில் அது 50 விழுக்காடு. பாதி சிகிச்சைகள் தோற்கின்றன என்று இதற்கு அர்த்தமில்லை. முதல் பெட்டி ட்ரேக்கள் கேட்டதில் ஏறக்குறைய பாதியைத்தான் தரும். மீதியை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் வாயில், நம் கையால் வாங்க வேண்டும். அந்த மீதியைப் பற்றியதுதான் இந்த வழிகாட்டி. பி.டி.எஸ். முடித்து கிளினிக் நடத்துகிற, அலைனர் தொடங்கலாமா என்று யோசிக்கிற மருத்துவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: பல் வரிசைக்கு முன் ஈறு

நோயாளி கண்ணாடியில் பல்லைக் காட்டுவார். நீங்கள் புரோபை எடுங்கள். எல்லாப் பற்களையும் சுற்றி ஆழம் அளந்து, ரத்தக் கசிவைக் குறித்து, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. ஈறு நோய் கனன்றுகொண்டிருக்கும் வாயில் பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். முதலில் பல்லையும் வேரையும் சுத்தம் செய்யும் ஸ்கேலிங், ரூட் பிளேனிங். ஈறு அடங்கிச் சில மாதம் நிலைத்த பிறகு பேசலாம். முப்பதைத் தாண்டியவர்களிடம் சர்க்கரையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ‘இருக்கு டாக்டர், மாத்திரை போடுறேன்’ என்ற பதிலோடு நிறுத்தாமல் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு பிஸ்பாஸ்போனேட் எடுத்துக்கொள்பவர்களுக்குப் பல் மெதுவாகத்தான் நகரும். சிலருக்குத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

கீழ் முன்பற்களின் ஈறு மெல்லியதா, தடித்ததா என்று அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. புரோபின் முனையை ஈறு விளிம்புக்குள் மெதுவாக இறக்குங்கள். உலோகத்தின் நிழல் ஈறு வழியாக வெளியே தெரிந்தால் மெல்லிய ஈறு. அந்தப் பல்லை முன்னால் தள்ளும் எந்தப் பிளானும் ஈறு இறங்குவதில் போய் முடியலாம். லேபில் பிளான் போடும் டெக்னீஷியனுக்கு இது தெரிய வழியே இல்லை, ஏனென்றால் ஸ்கேனில் மெல்லிய ஈறும் தடித்த ஈறும் ஒரே இளஞ்சிவப்பு.

முழுத் தாடையையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்-ரே எல்லோருக்கும் எடுங்கள். வேர் நீளம், மறைந்திருக்கும் பல், பழைய ரூட் கெனால், ஞானப்பல் எல்லாம் அதில் தெரிந்துவிடும். முன்பற்களின் சாய்வையோ கடியையோ மாற்றப்போகிறீர்கள் என்றால் தலையின் பக்கவாட்டு எக்ஸ்-ரேயான லேட்டரல் செஃபலோகிராம் இல்லாமல் தொடங்காதீர்கள். முப்பரிமாண எக்ஸ்-ரேயான சி.பி.சி.டி. எல்லோருக்கும் தேவையில்லை, புதைந்த கோரைப்பல், வேர்க் கரைவு, எலும்பு வெளித்தகட்டின் தடிமன் குறித்துச் சந்தேகம் இருந்தால் எடுக்கலாம். தாடை மூட்டில் சத்தமோ வலியோ இருந்தால் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். பின்னால் ‘அலைனர் போட்ட பிறகுதான் வலி வந்தது’ என்ற பேச்சு எழும்போது அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

நேரில் பரிசோதனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப்பைக் காட்டலாம். கிளினிக்கில் உட்கார்ந்து மருத்துவர் பார்க்கும் முறையைத் தவிர்த்து, வீட்டுக்கே அலைனர் அனுப்பிய கம்பெனி அது. 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்து டிசம்பரில் மூடப்பட்டது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றார்கள்.

படி 2: எதை எடுப்பது, யாரிடம் அனுப்புவது

அலைனரில் முதல் திறமை கேஸைத் தேர்ந்தெடுப்பதுதான் என்பது என் கருத்து. மற்ற எல்லாவற்றையும் பழகிக்கொள்ளலாம். இதில் தவறினால் மற்ற திறமைகளுக்கு வேலை இருக்காது.

தொடக்கத்தில் எடுக்கத் தக்கவை: பின்பற்களின் கடி சரியாக இருந்து முன்னால் மட்டும் 4 மி.மீ. வரை நெரிசல் அல்லது சிறு இடைவெளிகள், முன்பு கம்பி போட்டு ரிடெய்னர் போடாமல் திரும்பக் கோணிய பற்கள், லேசான முன் திறந்த கடி (கடிக்கும்போது முன்பற்கள் சேராமல் இருப்பது). கடைசியது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இரண்டு தாடையிலும் பின்பற்களின் மேல் பிளாஸ்டிக் இருப்பதால் அவை கொஞ்சம் உள்ளே அமுங்கும், அதனால் முன்னால் மூடிக்கொள்ளும். கம்பியில் கஷ்டமான இது அலைனரில் பல நேரம் சுலபமாகவே நடந்துவிடுகிறது.

கஷ்டமானவை: உருண்டையான பற்களின் சுழற்சி. கோரைப்பல்லும் கீழ் முன்கடைவாய்ப்பல்லும் உருளை வடிவம். பிளாஸ்டிக் பிடிக்க மூலை இல்லை, வழுக்கும். பல்லை எலும்பிலிருந்து வெளியே இழுப்பது அதைவிடக் கடினம். 2009 ஆய்வில் மிகக் குறைந்த துல்லியம், 29.6 விழுக்காடு, இதற்குத்தான். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை அதிகம் மறைக்கும் ஆழ்ந்த கடியும் சவால்தான்.

நம் ஊரில் தனியாகப் பேச வேண்டியது எத்துப்பல். மேலும் கீழும் இரண்டு வரிசையுமே முன்னால் தள்ளி, உதடு மூட முடியாமல் இருக்கும் அமைப்பு தென்னிந்தியர்களிடம் நிறையப் பார்க்கிறோம். இவர்கள் கேட்பது ‘பல் உள்ளே போகணும்.’ அதற்குப் பெரும்பாலும் நான்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்து, அந்த இடத்துக்குள் முன்பற்களைப் பின்னிழுக்க வேண்டும். அலைனரில் இது மிகக் கடினமான வேலை. எடுத்த இடத்தில் பிளாஸ்டிக் தொட்டில்போல வளையும். கிரீடம் (பல்லின் வெளியே தெரியும் பகுதி) சாயும், வேர் பின்தங்கும், கடைவாய்ப்பல் முன்னால் கவிழும். முன்னால் கடி ஆழமாகும், பக்கவாட்டில் திறக்கும். பிளான் வீடியோவில் எல்லாம் அழகாகத்தான் வந்து பொருந்தும். எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிஸ்டே பாதியில் கம்பிக்கு மாற நேரலாம் என்று சொல்லித்தான் இதைத் தொடங்குவார். கம்பி போட்டு மீட்டெடுக்கக் கை பழகாதவர் இதைத் தொடவே கூடாது.

தேதியோடு வருகிற நோயாளிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

‘டாக்டர், மார்ச்ல கல்யாணம். அதுக்குள்ள முடிஞ்சிருமா?’

‘முன்னாடி இருக்குற கோணல் அதுக்குள்ள பாதி சரியாகும்மா. மீதி கல்யாணத்துக்கு அப்புறமும் தொடரும். முன்பல்லுல சின்னச் சின்னப் புடைப்பு ஒட்டியிருக்கும். போட்டோவுக்கு வேணும்னா அதைக் கழட்டிட்டுத் திரும்ப ஒட்டலாம். இது சரின்னா ஆரம்பிப்போம்.’

இந்தப் பேச்சை முதல் நாளே பேசி, ஒப்புதல் படிவத்தில் தமிழிலேயே எழுதி வாங்குங்கள். கூடுதல் ட்ரேக்கள் தேவைப்படலாம், பற்களுக்கு இடையே கொஞ்சம் தேய்ப்போம், ஈறருகே பற்களுக்கு நடுவே இடைவெளி கருப்பு முக்கோணமாகத் தெரியலாம், வேர் நுனி சற்றுக் குறையலாம், ரிடெய்னர் காலமெல்லாம் போட வேண்டும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும்.

படி 3: இடக் கணக்கு

பிளான் வரும் முன்பே உங்கள் கணக்கைப் போட்டு வைத்திருங்கள். ஓர் உதாரணம்: 26 வயது, கடைவாய்ப்பற்கள் சரியான கடியில், கீழ் முன்பற்களில் 4 மி.மீ. நெரிசல். இடம் எங்கிருந்து வரும்? வரிசையை விரித்தல், முன்பற்களை முன்னால் சாய்த்தல், பற்களுக்கு இடையே எனாமலைத் தேய்த்தல், கடைவாய்ப்பற்களைப் பின்னால் தள்ளுதல், பல் எடுத்தல். வழிகள் இவ்வளவுதான்.

கீழ் முன்பற்களை 1 மி.மீ. முன்னால் கொண்டுவந்தால் ஏறக்குறைய 2 மி.மீ. இடம் கிடைக்கும் என்பது பழைய கணக்கு. ஒரு பக்க முதல் முன்கடைவாய்ப்பல்லிலிருந்து மறுபக்க முதல் முன்கடைவாய்ப்பல் வரை ஏழு தொடுமிடங்கள், ஒவ்வொன்றிலும் 0.3 மி.மீ. தேய்த்தால் 2.1 மி.மீ. ஆக, 4 மி.மீ. அடைபட்டுவிட்டது. ஆனால் படி 1-இல் புரோபின் நிழல் தெரிந்த மெல்லிய ஈறு என்றால் முன்னால் சாய்க்கும் அந்த 2 மி.மீ. கிடையாது. அப்போது தேய்ப்பதைக் கூட்டி, பக்கவாட்டில் கொஞ்சம் விரிக்க வேண்டும். இந்த முடிவை எடுக்க வேண்டியது நீங்கள், மென்பொருள் அல்ல.

போல்டன் விகிதத்தையும் பார்த்துவிடுங்கள். 1958-இல் வேய்ன் போல்டன் கொடுத்த அளவு இன்னும் செல்லுபடியாகிறது: கீழ் ஆறு முன்பற்களின் அகலம் மேல் ஆறின் அகலத்தில் 77.2 விழுக்காடு. மேல் பக்க வெட்டுப்பல் (நடுப்பல்லுக்கு அடுத்தது) சிறுத்துக் கூம்பாக இருப்பவர்களுக்கு இந்த விகிதம் கெட்டிருக்கும். மேலே எல்லா இடைவெளியையும் மூடிவிட்டால் கடி பொருந்தாது. அந்தப் பல்லின் இருபுறமும் இடம் விட்டு, கடைசியில் பல் நிறப் பூச்சான காம்போசிட்டில் அதைப் பெரிதாக்குவது என்று முதலிலேயே பிளானில் எழுத வேண்டும்.

படி 4: ஸ்கேன்

ஸ்கேனர் ஓட்டுவது கடினமில்லை. எச்சில்தான் எதிரி. எச்சில் குமிழி இருந்த இடத்தில் மென்பொருள் தானாக ஒரு பரப்பை இட்டு நிரப்பும்; அப்படி உருவான ட்ரே அந்தப் பல்லில் உட்காராது. ஒவ்வொரு கால்பகுதியையும் காற்றால் உலர்த்திவிட்டு எடுங்கள். கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்புறத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ட்ரே பின்னால் தூக்கிக்கொள்வதற்கு அது ஒரு காரணம். ஈறு விளிம்புக்கு மேல் 2, 3 மி.மீ. ஈறும் வர வேண்டும்.

கடி ஸ்கேன்தான் நுட்பமான இடம். கன்னத்துக்குள் கருவி இருக்கும்போது நோயாளி தாடையை முன்னே தள்ளியோ ஒரு பக்கம் ஒதுக்கியோ கடிப்பார். எச்சிலை விழுங்கச் சொல்லி, பின்பற்களால் கடிக்கச் சொல்லி எடுங்கள். எடுத்ததும், கடித்த இடத்தில் சாயம் பதிக்கும் ஆர்டிகுலேட்டிங் பேப்பரை வாயில் வைத்துக் கடிக்க வைத்து, நிஜத்தில் எங்கே தடம் விழுகிறதோ அங்கேதான் திரையிலும் தொடுகிறதா என்று ஒப்பிடுங்கள். இரண்டு நிமிட வேலை. கடி தவறினால் மொத்தப் பிளானும் தவறான தாடையின் மேல் நிற்கும்.

ஸ்கேனர் இல்லாதவர்கள் இரண்டு கட்ட பி.வி.எஸ். (சிலிக்கோன்) பொருளில் பல் அச்சு எடுக்கலாம், ஆல்ஜினேட் அச்சு வேண்டாம்.

படி 5: பிளானைப் படித்தல்

வீடியோவை முதலிலிருந்து ஓடவிடாதீர்கள், மயக்கிவிடும். கடைசி நிலைக்குப் போய் அங்கிருந்து பின்னோக்கிப் பாருங்கள். முடிவில் கடி எப்படி இருக்கிறது, நடுக்கோடு எங்கே, முன்பற்கள் ஒன்றையொன்று அழுத்தமாக முட்டுகின்றனவா? தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுக் காட்டும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டு. எந்தப் பல் எவ்வளவு, எந்தத் திசையில் போகிறது என்பதை அதில் எண்ணாகப் பாருங்கள். நீங்கள் போட்ட இடக் கணக்கோடு ஒத்துவருகிறதா? கீழ் முன்பற்கள் 2 மி.மீ. முன்னால் போவதாக வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது வேகம். ஒரு ட்ரேக்கு ஒரு பல் நகரும் தூரம் பொதுவாக 0.25 மி.மீ.-க்குள், சுழற்சி சுமார் 2 டிகிரி. இந்த எண் சும்மா வந்ததில்லை. வேரையும் எலும்பையும் இணைக்கும் பெரியோடான்டல் லிகமென்ட்டின் தடிமன் ஏறக்குறைய 0.2 மி.மீ. அதை வெகுவாகத் தாண்டி ஒரே தள்ளலில் போனால் லிகமென்ட் நசுங்கி ரத்தம் நிற்கும். பல் நகராமல் அப்படியே நிற்கும். நாற்பது வயதுக்காரருக்குக் கோரைப்பல் சுழற்சி என்றால் வேகத்தை இன்னும் குறைக்கச் சொல்லுங்கள். ட்ரே எண்ணிக்கை கூடும், பரவாயில்லை.

பிறகு வரிசை. இடம் உருவாகும் முன்பே பல்லைத் திருப்பப் பார்க்கிறதா? நெரிசலில் உள்ளே சிக்கிய பக்க வெட்டுப்பல் வெளியே வர, முதலில் இருபுறமும் இடம் திறக்க வேண்டும். ‘முதலில் இடம், பிறகு சுழற்சி, அதன் பிறகு வெளியிழுத்தல்’ என்று ஒரே வரியில் டெக்னீஷியனுக்கு எழுதலாம். குறிப்பு எவ்வளவு திட்டவட்டமோ அவ்வளவு நல்ல பிளான் வரும். ‘கடியைச் சரிசெய்யவும்’ என்று எழுதினால் அவர் என்ன செய்வார், பாவம்.

கடினமான அசைவுகளுக்கு மிகைத்திருத்தம் கேளுங்கள். திரும்பாத பழக்கமுள்ள கோரைப்பல்லை, தேவையானதற்குச் சில டிகிரி கூடுதலாகத் திருப்பி வைக்கச் சொல்வது அது. எல்லாப் பல்லுக்கும் கேட்டால் குழப்பம்தான். சாய்வு போன்ற சுலபமான அசைவுகள் கேட்டபடி நடந்து எல்லை தாண்டிவிடும்.

படி 6: அட்டாச்மென்ட் ஒட்டுதல்

பல்லின் மேல் ஒட்டும் இந்தச் சின்னக் காம்போசிட் புடைப்புதான் பிளாஸ்டிக்குக் கைப்பிடி. செங்குத்துச் செவ்வகம் சுழற்சிக்கும் வேர்ச் சாய்வுக்கும். கிடையாக, ஈறுப்பக்கம் சரிவு வைத்தது வெளியிழுப்பதற்கு. வடிவத்தை மென்பொருள் தேர்ந்துவிடும். ஆனால் வரைந்த வடிவம் அப்படியே பல்லில் வந்து உட்காருவது உங்கள் கையில். மூலை மழுங்கிய அட்டாச்மென்டை ட்ரே பிடிக்காது.

முதலில் அட்டாச்மென்ட் வடிவக் குழிகள் உள்ள டெம்ப்ளேட் ட்ரேயை வெறுமனே வாயில் வைத்துப் பாருங்கள், முழுதாக உட்காருகிறதா என்று. பிறகு ஒட்டப்போகும் பற்களைப் புளோரைடு இல்லாத பியூமிஸால் தேய்த்துக் கழுவி, ரிட்ராக்டர் போட்டு, எச்சிலை ஒதுக்குங்கள். 37 விழுக்காடு பாஸ்பாரிக் ஆசிட் 30 வினாடி, நன்றாகக் கழுவி, சுண்ணாம்பு வெண்மை தெரியும்வரை உலர்த்தி, பாண்ட் தடவி, காற்றால் மெல்லியதாக்கி, லைட்.

டெம்ப்ளேட் குழிகளில் காம்போசிட் நிரப்பும்போது குழியின் வாய்க்குச் சமமாக நிரப்பி, நடுவில் ஒரு நூல் அளவு மேடாக விடுங்கள். குறைந்தால் உள்ளே காற்றுக்குமிழி, மூலை இல்லை. கூடினால் சுற்றிலும் வழிந்து ‘ஃபிளாஷ்’ ஆகும். அந்தப் படலம் ட்ரேயைத் தூக்கி நிறுத்தும், காபிக் கறையும் அதில்தான் பிடிக்கும். டெம்ப்ளேட்டைக் கடித்து உட்கார வைக்கச் சொல்லாதீர்கள். இரண்டு விரலால் அட்டாச்மென்டுக்குச் சற்று மேற்புறமும் கீழ்ப்புறமும் அழுத்துங்கள். அட்டாச்மென்டின் மேலேயே அழுத்தினால் குழி அமுங்கி வடிவம் சப்பையாகும். ஒவ்வொரு பல்லாக லைட் வைத்து, டெம்ப்ளேட்டை உள்பக்கத்திலிருந்து உரித்து எடுங்கள். பல வெட்டுமுனை டங்ஸ்டன் கார்பைடு பர் கொண்டு சுற்றியுள்ள படலத்தை நீக்கி, ஈறோரம் எக்ஸ்ப்ளோரரை ஓடவிட்டுப் பாருங்கள். தட்டக் கூடாது.

பீங்கான் கிரவுன் இருந்தால் இந்த முறை ஒட்டாது. ஹைட்ரோபுளோரிக் ஆசிட், சைலேன் வேண்டும். அல்லது அந்தப் பல்லில் அட்டாச்மென்ட் வேண்டாம் என்று பிளானிலேயே சொல்லிவிடலாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வருபவர்களின் பல்லில் புளோரோசிஸ் (புளோரைடு மிகுந்த தண்ணீரால் எனாமல் கெடுவது) சாதாரணம். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்தப் புளோரைடுத் தண்ணீருக்கு மாற்றாக வந்ததுதான்; அதற்கு முன் வளர்ந்தவர்களின் எனாமல் இன்னும் நம் நாற்காலிக்கு வந்துகொண்டிருக்கிறது. புளோரைடு ஏறிய மேலடுக்கு அமிலத்துக்கு எளிதில் கரையாது. 30 வினாடியில் சுண்ணாம்பு வெண்மை வரவில்லையென்றால் மறுபடி அமிலம் வையுங்கள். பழுப்பேறிய கடுமையான எனாமலில் மேலடுக்கை லேசாகச் சுரண்டிவிட்டு வையுங்கள். இவர்களிடம் ‘ஒன்றிரண்டு விழும், விழுந்தால் உடனே வாங்க’ என்று முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

படி 7: பற்களுக்கு இடையே தேய்த்தல்

ஐ.பி.ஆர். (இந்தத் தேய்ப்பின் பெயர்) என்றதும் நோயாளி பயப்படுவார், புது மருத்துவரும் பயப்படுவார். பயம் பாதி நியாயம்தான்; தேய்த்த எனாமல் திரும்ப வராது. பக்கவாட்டு எனாமலில் பாதிக்கு மேல் தொடக் கூடாது என்பது பொது விதி. நடைமுறையில் ஒரு தொடுமிடத்துக்கு 0.5 மி.மீ.-ஐத் தாண்டாமல் இருங்கள். கீழ் வெட்டுப்பற்களில் எனாமல் மெல்லியது, அங்கே அதைவிடக் குறைவாக.

எப்போது தேய்ப்பது என்பது எவ்வளவு என்பதைப் போலவே முக்கியம். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்போது அவை தொட்டுக்கொள்ளும் இடம் உண்மையான பக்கவாட்டுப் பரப்பு இல்லை. பல்லின் முகமோ முதுகோதான். அங்கே டிஸ்க்கை விட்டால் பல்லின் வடிவமே போய்விடும். முதல் சில ட்ரேக்களில் கொஞ்சம் வரிசையான பிறகு செய்யும்படி பிளானில் கேட்டு வாங்குங்கள்.

மெல்லிய கைப்பட்டையால் தொடக்கி, வழி கிடைத்ததும் அசைவு ஹேண்ட்பீஸ் பட்டைக்குப் போங்கள். பட்டையை நேராக இழுக்காமல் பல்லின் வளைவைத் தழுவி இழுங்கள். இல்லாவிட்டால் தட்டையான சுவரும் ஈறருகே ஒரு படிக்கட்டும் விழும். அந்தப் படிக்கட்டில் அழுக்குத் தங்கிச் சொத்தை வரும். ஒவ்வொரு சில இழுப்புக்கும் அளவுத் தகட்டை விட்டுப் பாருங்கள். 0.2 தகடு லேசான உராய்வோடு போனால் 0.2. கண் மதிப்பீடு இதில் உதவாது. முடிந்ததும் நுண்பட்டையால் மெருகேற்றி, புளோரைடு வார்னிஷ் தடவி, எந்த இடத்தில் எவ்வளவு என்று அட்டையில் அன்றே எழுதுங்கள். பாதி அளவுதான் முடிந்ததென்றால் பாதி என்றே எழுதுங்கள். பிளானில் 0.3 என்று இருந்து கையில் 0.15 நடந்திருந்தால், சில ட்ரே கழித்துப் பற்கள் ஒன்றையொன்று முட்டி நின்றுவிடும்; காரணம் தெரியாமல் நோயாளியின் மேல் பழி போடுவோம்.

கருப்பு முக்கோணத்தைக் குறைக்கவும் இது உதவும். டார்னோவும் சக ஆய்வாளர்களும் 1992-இல் அளந்தது இது: தொடுமிடத்திலிருந்து எலும்பு முகடு வரை 5 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் இடை ஈறு ஏறக்குறைய எப்போதும் நிரம்பியிருக்கும், 6 மி.மீ. ஆனால் 56 விழுக்காடு இடங்களில்தான், 7-இல் 27. முக்கோண வடிவப் பற்களில் தொடுமிடத்தைத் தேய்த்து நெருக்கினால் அது ஈறுப்பக்கம் நகர்கிறது, தூரம் குறைகிறது. ஈறு நோய் வந்து எலும்பு இறங்கியவருக்கு இதை முன்கூட்டியே வரைந்து காட்டுங்கள்.

படி 8: ட்ரே கொடுக்கும் நாள்

போடவும் கழற்றவும் கண்ணாடி முன் உங்கள் எதிரிலேயே செய்யச் சொல்லுங்கள். கழற்றுவது கடைவாய்ப்பல்லின் உள்பக்கத்திலிருந்து, இரண்டு பக்கமும் மாறி மாறி. இரண்டு நாள் பேச்சில் லேசான குழறல் இருக்கும், புது ட்ரேயில் அழுத்தம் இருக்கும்.

நாளுக்கு 22 மணி நேரம் ட்ரே வாயில் இருக்க வேண்டும் என்பதை நம் காபி, டீ வழக்கத்தோடு வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். காலைக் காபி, பதினோரு மணி டீ, மதியச் சாப்பாடு, நாலு மணி டீ, இரவுச் சாப்பாடு. ஒவ்வொன்றுக்கும் கழற்றி, குடித்து, கொப்பளித்து, திரும்பப் போட அரை மணி என்றால் இரண்டரை மணி நேரம் போய்விட்டது. காலை டிபனை இன்னும் சேர்க்கவில்லை. காபியை டிபனோடு சேர்த்துக் குடிக்கச் சொல்லலாம். ட்ரேயோடு சூடான காபி குடித்தால் பிளாஸ்டிக் நெளியும். சர்க்கரை உள்ளே அடைபட்டுப் பல் அரிக்கும். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். வெந்நீரில் கழுவக் கூடாது.

படி 9: ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை

‘ஒழுங்கா போடுறீங்களா?’ என்று கேட்டால் ‘ஆமா டாக்டர்’ என்றுதான் பதில் வரும். கேட்காமலே தெரிந்துகொள்ள வழிகள் உண்டு. பத்து நாள் போட்ட ட்ரே பளபளப்பு மங்கி, கடித்த தடம் விழுந்திருக்கும். புதுக்கண்ணாடிபோல மின்னினால் போடவில்லை. கழற்றச் சொல்லிப் பாருங்கள். தினம் ஐந்தாறு முறை கழற்றிப் போடுகிறவர் ஒரு நொடியில் கழற்றுவார். நகத்தை எங்கே கொடுப்பது என்று தேடுகிறவரிடம் பேச வேண்டிய பேச்சு வேறு.

பிறகு பொருத்தம். வெட்டு விளிம்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். முதலில் பின்தங்குவது பெரும்பாலும் மேல் பக்க வெட்டுப்பல். சிறியது, வழுவழுப்பானது, வெளியே இழுக்க வேண்டியது. அரை மி.மீ.-க்குள் வெற்றிடம் என்றால் சியூயியை (கடிப்பதற்கான மென்மையான உருளை) தினம் இரண்டு முறை ஐந்து, பத்து நிமிடம் அந்தப் பல்லில் கடிக்கச் சொல்லி, அதே ட்ரேயை இன்னொரு வாரம் போடச் சொல்லுங்கள். அதற்குள் அந்தப் பல்லின் இருபுறமும் ஃப்ளாஸ் விட்டுப் பாருங்கள். ஃப்ளாஸ் ‘டக்’கென்று முரண்டு பிடித்து இறங்கினால் இடம் இல்லை என்று பொருள், ஒரு பட்டை இழுத்து விடுங்கள், பல நேரம் அதுவே போதும். அட்டாச்மென்ட் விழுந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்பதையும் விரல் நுனியால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

வெற்றிடம் அதற்கும் மேல் என்றால் அடுத்த ட்ரேக்குப் போவதில் பயனில்லை. முழுதாகப் பொருந்திய கடைசி ட்ரேக்குத் திரும்புங்கள். அல்லது பல்லின் முன்னும் பின்னும் ஒவ்வொரு பட்டன் ஒட்டி, அந்த இடத்தில் ட்ரேயை வெட்டிவிட்டு, ட்ரேயின் மேலாக ஒரு எலாஸ்டிக்கை மாட்டிப் பல்லை ட்ரேக்குள் இழுங்கள். அதுவும் சில வாரத்தில் பலன் தரவில்லையென்றால் புது ஸ்கேன். ட்ரே இருபதுக்கு வந்த பிறகு, ஐந்தாவதிலேயே பல் நின்றுவிட்டது என்று கண்டுபிடிப்பதில் எல்லோருக்கும் நஷ்டம்.

சிகிச்சையின் பின்பாதியில் ‘கடைவாயில மெல்ல முடியல’ என்பார்கள். மேலும் கீழும் பிளாஸ்டிக் இருப்பதால் பின்பற்கள் அமுங்கியிருக்கும். அதுதான் காரணம் என்று முடிவுகட்டும் முன்பு, முன்பற்களைப் பாருங்கள். முன்பற்கள் முட்டிக்கொண்டு பின்னால் திறந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆர்டிகுலேட்டிங் பேப்பர் காட்டிக்கொடுக்கும். முட்டல் இருந்தால் அதைத் தீர்க்காமல் பின்பற்கள் சேராது. முட்டல் இல்லையென்றால் முடிவுக் கட்டத்தில் ட்ரேயைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் வெட்டிவிட்டால் பின்பற்கள் தாமாக எழுந்து சேரும்.

ஒவ்வொரு வருகையிலும் ஈறு, ஆட்டம். ஒரே ஒரு பல் மட்டும் அதிகம் ஆடினால் அந்தப் பல்லுக்கு எக்ஸ்-ரே எடுங்கள்.

படி 10: ரிஃபைன்மென்ட், ரிடெய்னர்

முதல் பெட்டி முடிந்ததும் மறு ஸ்கேன் எடுத்துக் கூடுதல் ட்ரேக்கள் வாங்க வேண்டியிருக்கும், அதுதான் ரிஃபைன்மென்ட். இதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம், நோயாளிக்கும் அப்படித் தோன்றாதபடி முதல் நாளே சொல்லியிருப்பீர்கள். ரிஃபைன்மென்ட் அனுப்பும்போது பழைய பிளானின் இறுதி நிலையையும் புது ஸ்கேனையும் பக்கத்தில் வைத்து, எந்தப் பல் ஏன் வரவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். இடம் இல்லாததா, அட்டாச்மென்ட் சரியில்லாததா, போடாததா? காரணத்தை எழுதாமல் அனுப்பினால் அதே பிளான் புது எண்ணோடு திரும்பி வரும்.

முடிவில் அட்டாச்மென்டுகளை டங்ஸ்டன் கார்பைடு பர்ரால் நீக்கி மெருகேற்றிய பிறகே ரிடெய்னருக்கு ஸ்கேன் எடுங்கள். புடைப்புகளோடு எடுத்தால் ரிடெய்னரில் வெற்றுக் குழிகள் இருக்கும், பிடிப்பு இருக்காது. கீழே கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை உள்பக்கம் ஒட்டுக் கம்பி, அதன் மேல் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் ரிடெய்னர் என்பது என் வழக்கம். பிளாஸ்டிக் ரிடெய்னர் முதல் ஆறு மாதம் நாள் முழுதும், பிறகு இரவு மட்டும். ஒட்டுக் கம்பியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ப்ளோரரால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பாருங்கள். ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டிருந்தால் நோயாளிக்குத் தெரியாது, அந்தப் பல் மட்டும் சத்தமில்லாமல் நகரும்.

கடைசி ஸ்கேனின் எஸ்.டி.எல். (முப்பரிமாண வடிவ) கோப்பை நோயாளி பெயரில் பத்திரப்படுத்துங்கள். கல்யாணப் பந்தியில் ரிடெய்னரை டிஷ்யூவில் சுற்றி வைத்தார்களாம், இலையோடு எடுத்துப் போட்டுவிட்டார்களாம் என்று ஒருநாள் போன் வரும். கோப்பு கையில் இருந்தால் ஓரிரு நாளில் புதியது அச்செடுத்துக் கொடுத்துவிடலாம். இல்லாவிட்டால், அவர் ஊரிலிருந்து திரும்பி வந்து மறுபடி ஸ்கேன் எடுக்கும்வரை பற்கள் காத்திருக்காது.